பாசஞ்சர் நிற்கிற ஊர்கள்

ஜூன் 13, 2025 – வெள்ளி

நேற்று மேட்டூர் அணையைத் திறந்துவிட்டார்கள். காலையில் தஞ்சாவூர் ஸ்டேஷனில் எங்கு திரும்பினாலும் அதே பேச்சு. எங்கள் பாசஞ்சர் பெட்டியில் வருகிறவர்கள் எல்லோரும் சீசன் டிக்கெட்காரர்கள். பேங்க், பள்ளிக்கூடம், ஜவுளிக்கடை என்று பிழைப்பு. மாதச் சம்பளம்தான் என்றாலும், பாதிப் பேருக்கு ஊரில் நாலு மா நிலமாவது இருக்கிறது. “கல்லணைக்கு எப்ப சார் வரும்?” என்றார் டீச்சர். “ஞாயித்துக்கிழமை திறக்கிறாங்களாம்மா.” அவருக்கு முகமே மலர்ந்துவிட்டது.

ஜூன் 18 – புதன்

திட்டைக்கு முன்னால் வெண்ணாற்றுப் பாலம். வண்டி அதில் ஏறியதும் எல்லோரும் ஜன்னல் பக்கம் வந்துவிட்டோம். கலங்கிய புதுத் தண்ணீர் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு போகிறது. மயிலாடுதுறை ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸம்மா மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. அவருடையது தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை ஊர். “எங்க வாய்க்கால்ல ஏறட்டும் சார், அப்பப் பார்த்துக்கிறேன்” என்றார். தலைமடையில் தண்ணீரைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற நாங்கள் மறக்கக்கூடாத பேச்சு அது.

ஆகஸ்ட் 4 – திங்கள்

பாபநாசத்தில் கிராஸிங். தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்கு இரட்டைப் பாதை. கும்பகோணம் வழியாக விழுப்புரம் போகிற மெயின் லைன் இன்னும் ஒற்றைப் பாதை. எதிர் வண்டி வந்து கடந்தால்தான் நமக்கு சிக்னல். பண்டாரவாடையில் ஏறிய அம்மா கூடையைத் திறந்து, வாழை மட்டைக்குள் அடுக்கியிருந்த வெற்றிலைக்குத் தண்ணீர் தெளித்தார். நூறு வெற்றிலை ஒரு கவுளி. ஒவ்வொரு கவுளியாகத் தூக்கி, அடியிலிருக்கிற இலை வாடியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். “லேட்டாப் போனா விலை இறங்கிடும் தம்பி.” கும்பகோணம் வெற்றிலைக்கு இந்த வருஷம்தான் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெருமையைச் சுமக்கிற கூடை கிராஸிங்கில் காத்துக் கிடக்கிறது.

அக்டோபர் 24 – வெள்ளி

மழை. குறுவையில் அறுத்த நெல் கொள்முதல் நிலையங்களில் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்கமாட்டார்கள். டீச்சர் வாய் திறக்கவில்லை. அவர் வீட்டு நெல்லும் அங்கேதான் குவியலாக இருக்கிறது. பக்கத்தில் இருந்தவர் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

அக்டோபர் 31 – வெள்ளி

டீச்சர் வீட்டு நெல்லை எடுத்துவிட்டார்கள். பெட்டியே மூச்சுவிட்டது.

சம்பளத்துக்குப் போகிறவர்கள் ஊரைக் காலிசெய்யாமல் இருப்பதற்கு இந்த வண்டி ஒரு முக்கியமான காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். காலையில் வயலுக்கு மடை திறந்துவிட்டு வந்து வண்டி பிடிக்கலாம். சாயங்காலம் திரும்பிப் போய் வரப்பைப் பார்க்கலாம். பஸ்ஸுக்குக் காசு கொடுத்துத் தினமும் போய்வருவது கட்டுப்படியாகாது.

அதனால் இரட்டைப் பாதை சீக்கிரம் வரவேண்டும். வந்த பிறகு, வேகம் கூடிவிட்டது என்று சொல்லிச் சின்ன ஸ்டேஷன்களைத் தாண்டிப் போய்விடக்கூடாது. பண்டாரவாடையிலும் சுந்தரப்பெருமாள் கோவிலிலும் நரசிங்கன்பேட்டையிலும் நின்று போகிற வண்டிதான் டெல்டாவுக்கு வேண்டிய வண்டி.