எந்த சோப்பு போட்டால் போகும்?

"அண்ணா, ஆம்பளைங்களுக்குன்னு தனியா பாடி வாஷ் வருதே, அது வாங்கலாமா?"

இந்தக் கேள்வி எங்களிடம் வராத மாதமே இல்லை. கேட்பவர்கள், சிங்கப்பெருமாள் கோவிலில் இருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையின் இருபுறமும் உள்ள கம்பெனிகளில் கான்ட்ராக்டில் வேலை செய்யும் தம்பிகள். பெரும்பாலும் நம் சேரிப் பிள்ளைகள். ஐ.டி.ஐ. முடித்தவர்கள், டிப்ளமோ முடித்தவர்கள், பத்தாவதோடு நின்றவர்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ., சம்பளச் சீட்டு என்று நாங்கள் பேசப் போவோம். பேசி முடித்து எல்லோரும் எழுந்த பிறகு ஒருவர் மட்டும் ஒதுங்கி வந்து, குரலைத் தாழ்த்தி இதைக் கேட்பார். சாதிச் சான்றிதழ் பற்றிச் சத்தமாகக் கேட்கிற பிள்ளைகள் சோப்பு பற்றி ரகசியமாகக் கேட்கிறார்கள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தோம்.

முதலில் கேட்ட கேள்விக்குப் பதில். ஆணின் தோல் பெண்ணின் தோலைவிடச் சற்றுத் தடிமன், எண்ணெய்ச் சுரப்பும் அதிகம். இது உண்மைதான். அதற்காகத் தனி சோப்பு வேண்டும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. கறுப்பு பாட்டில், கரி என்றோ 'கூல்' என்றோ ஒரு லேபிள், தூக்கலான வாசனை, கூடுதல் விலை. 'ஆண்களுக்கு' என்பதில் பெரும்பகுதி இவ்வளவுதான். தோலின் மேற்பரப்பு லேசான அமிலத் தன்மை கொண்டது, அதன் பி.எச். அளவு 5ஐ ஒட்டி இருக்கும். சாதாரண சோப்பு காரம், 9, 10 வரை போகும். தேய்க்கும்போது அழுக்கோடு சேர்த்து, தோல் தனக்கென்று வைத்திருக்கும் எண்ணெயையும் அது எடுத்துவிடுகிறது. நல்ல தோல் சில மணி நேரத்தில் தன்னைச் சரிசெய்துகொள்ளும். ஏற்கெனவே வெடித்து அரிக்கிற தோலால் அது முடியாது.

சோப்பு உறையைத் திருப்பிப் பார்த்தால் டி.எஃப்.எம். என்று ஒரு சதவீதம் இருக்கும். மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு அது. இந்தியத் தர நிர்ணயத்தில் குறைந்தது 76 இருந்தால் முதல் தரம், 70 இரண்டாம் தரம், 60 மூன்றாம் தரம். 'பாத்திங் பார்' என்று போட்டிருந்தால் அது வேறு வகை, அதற்கு 40 இருந்தாலே போதும். விலை குறைந்த கட்டிகள் பலவற்றில் இந்த எழுத்துதான் இருக்கும், யாரும் படிப்பதில்லை. ஆனால் சோப்பே கலக்காமல் வேறு நுரைப்பொருளால் செய்த மென்மையான கட்டிகளும் இந்த வகையில்தான் வருகின்றன. ஆகவே எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்துவிட முடியாது. கூடவே நம் பக்கத்து போர் தண்ணீர். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து, வெள்ளைப் படலமாகத் தோலில் ஒட்டிக்கொள்ளும். குளித்து முடித்த பத்தாவது நிமிடம் அரிப்பு தொடங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கிருமிநாசினி சோப்பு என்று கூடுதல் காசு கொடுப்பதும் வீண். டிரைக்ளோசான் உட்பட 19 கிருமிநாசினிகளைச் சோப்புகளில் சேர்த்து விற்கக் கூடாது என்று 2016இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தடை போட்டது. வெறும் சோப்பையும் தண்ணீரையும்விட அவை கூடுதலாக வேலை செய்கின்றன என்று கம்பெனிகளால் நிரூபிக்க முடியவில்லை. எனவே தம்பிகளிடம் நாங்கள் சொல்வது இதுதான்: வாசனை குறைவாக, பி.எச். 5.5 என்று போட்டது எதுவோ அதை வாங்குங்கள். ஆண் படம் போட்டிருக்கிறதா பெண் படம் போட்டிருக்கிறதா என்று பார்க்காதீர்கள். குளித்து ஈரம் காய்வதற்குள் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

இத்தோடு முடிகிற விஷயமாக இருந்தால் மெடிக்கல் ஷாப் அண்ணனே சொல்லிவிடுவார்.

மெஷின் ஷாப்பில் வேலை செய்கிறவர்களின் கையைப் பார்த்திருக்கிறீர்களா? லேத்திலும் சி.என்.சி.யிலும் இரும்பை வெட்டும்போது சூடு தணிக்கப் பால் போல ஒரு திரவம் பீய்ச்சி அடிக்கும், கூலண்ட். எண்ணெயும் தண்ணீரும் கலந்தது, கெட்டுப்போகாமல் இருக்க அதில் ரசாயனம் சேர்த்திருப்பார்கள். வெட்டிய உலோகத்தின் நிக்கலும் குரோமியமும் அதில் கரையும். எட்டு மணி நேரம், ஓவர்டைம் என்றால் பன்னிரண்டு மணி நேரம், முன்கை அதில் நனைகிறது. பேண்ட் நனைந்து தொடையில் உரசுகிறது. மயிர்க்கால்கள் அடைத்துக் கறுப்புப் பருக்கள் வருகின்றன, விரல் இடுக்கு வெடிக்கிறது. ஷிப்ட் முடிந்ததும் அந்தக் கையைக் கழுவ என்ன இருக்கிறது? துணி துவைக்கிற தூளும் மரத்தூளும் கலந்து ஒரு டப்பா. அதுவும் தீர்ந்துபோனால் தின்னர், மண்ணெண்ணெய். கூலண்ட் செய்த கெடுதலைவிட இது செய்கிற கெடுதல் பெரிது. அதன்பிறகு ரூமுக்குப் போய் 350 ரூபாய் பாடி வாஷ் போட்டு என்ன ஆகப்போகிறது?

குளியலும் வேலையும் சேர்ந்த கதை பழையது. லண்டனில் புகைபோக்கி துடைக்கிற தொழிலாளர்களின் விரைப்பையில் வந்த புற்றுநோய்க்குக் கரிப்புகைதான் காரணம் என்று 1775இல் பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர் எழுதினார். வேலையால் புற்றுநோய் வருகிறது என்று மருத்துவம் சொன்ன முதல் இடம் அது. சில ஆண்டுகளிலேயே டென்மார்க்கின் புகைபோக்கித் தொழிலாளர் சங்கம் தன் உறுப்பினர்கள் தினமும் குளிக்க வேண்டும் என்று விதி வகுத்தது. அழுக்காக இருக்கிறாய் என்று யாரும் முகம் சுளித்ததால் வந்த விதி இல்லை. உயிரோடு இருப்பதற்காகச் சங்கம் போட்டுக்கொண்ட விதி.

நம் ஊரில் குளி என்று சொல்வதற்கு வேறு அர்த்தம் இருக்கிறது. 2017 மே மாதம் உத்தரப் பிரதேசத்தின் குஷிநகர் மாவட்டத்தில், முதலமைச்சர் வருகிறார் என்று முசஹர் மக்களின் குடும்பங்களுக்கு சோப்பும் ஷாம்பூவும் கொடுத்து, குளித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லப்பட்டது. அதற்குப் பதிலாக குஜராத்தின் தலித் தோழர்கள் 125 கிலோ எடையில் ஒரு சோப்பு செய்து, அதில் புத்தர் உருவத்தைச் செதுக்கி, முதலமைச்சரிடமே கொடுக்க ரயில் ஏறினார்கள். ஜான்சியில் இறக்கிவிடப்பட்டார்கள். அந்த சோப்பு லக்னோ போய்ச் சேரவில்லை என்றாலும் எங்களுக்கு மிகவும் பிடித்த போராட்டங்களில் அதுவும் ஒன்று. முதுகலையில் தூய்மை, தீட்டு என்று ஒரு பருவம் முழுக்கப் படித்தோம். ஒரு இடத்திலும் சோப்பு வரவில்லை.

இங்கே யாரும் சோப்பு கொடுத்துக் குளிக்கச் சொல்வதில்லை. நம் பிள்ளைகள் தாங்களே வாங்கிக்கொள்கிறார்கள். "கம்பெனி பஸ்ல என் பக்கத்து சீட்டு கடைசியாத்தாண்ணா ரொம்பும்" என்றார் ஒருவர். பஸ்ஸில் எல்லோர் மேலும் அதே ஆயில் வாடைதான். அதே மெஷின், அதே கூலண்ட். ஆனால் ஊர்த்தெருப் பையன் மேல் அடித்தால் அது வேலை செய்த வாடை. நம்மவர் மேல் அடித்தால் 'அவங்க அப்படித்தான்'. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களில் இருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் அறிவித்தார், நல்லது. சிங்கப்பெருமாள் கோவிலில் ரூம் பார்க்கப் போனால் "ஊர்ல எந்தப் பக்கம்?" என்ற கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்கும்போது உடம்பில் ஒரு வாசனை இருந்தால் தைரியமாக இருக்கிறது என்கிறார்கள். அதைக் கேலி செய்ய எங்களுக்கு மனம் வரவில்லை. காசைத் தண்ணியில் கரைக்காதே தம்பி என்று சொல்லவும் வாய் வரவில்லை.

அவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், கம்பெனி பெயரும் வேண்டாம். இரண்டு வருடமாக மெஷின் ஷாப்பில் இருக்கிறார். முன்கை முழுக்கச் சிவந்து, நீர் கோர்த்து, உரிய ஆரம்பித்தது. தன் உடம்பு அழுக்கு என்று நினைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு மூன்று முறை குளித்தார், நாரால் தேய்த்துத் தேய்த்து. மெடிக்கல் ஷாப்பில் ஒரு ட்யூப் கொடுத்தார்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பு. இவை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை, 2018இல் விதியை இறுக்கினார்கள். ஆனாலும் கிடைக்கிறது. தடவினால் மூன்று நாளில் அடங்கும், விட்டால் இரண்டு மடங்காகத் திரும்பும். படர்தாமரை உள்ள இடத்தில் தடவினால் இன்னும் மோசம். பூஞ்சை வளர அது உரம். ஹாஸ்டல் ரூம்களில் ஒரே டவல், ஒரே சோப்பு, ஒரே ட்யூப் என்று புழங்குகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு கேன்டீனில் அவர் உட்கார்ந்த மேசையில் இருந்து மற்றவர்கள் எழுந்து போக ஆரம்பித்தார்கள். "ஒட்டிக்கும்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சூப்பர்வைசர் அவருக்குத் தனி டம்ளர் எடுத்து வைத்தார். அக்கறையாகத்தான் வைத்ததாக அவர் சொன்னார், இருக்கலாம். தனி டம்ளர் என்றால் நமக்கு என்னவென்று அவருக்குத் தெரியாமலும் இருக்கலாம். குணமானதும் வா என்று ஏஜென்சி அனுப்பிவிட்டது. சம்பளம் இல்லை.

அவருக்கு வந்தது ஒட்டுவாரொட்டி இல்லை. ரசாயனம் பட்டு வரும் தோல் அழற்சி, தொட்டால் பரவாது. 2025 வரை நடைமுறையில் இருந்த தொழிற்சாலைகள் சட்டம் 1948இன் மூன்றாம் அட்டவணையில், அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாகவே அது இருந்தது. மேலாளர் தெரிவிக்க வேண்டும், பார்த்த மருத்துவரும் தெரிவிக்க வேண்டும் என்றது அதன் பிரிவு 89. 2020இல் நிறைவேற்றிய தொகுப்புச் சட்டத்திலும் அந்தப் பட்டியல் இருக்கிறது. அவரைப் பார்த்த முதல் மருத்துவர், என்ன வேலை செய்கிறாய் என்று கேட்கவே இல்லை. என்ன சோப்பு போடுகிறாய் என்று கேட்டார்.

அதே 1948 சட்டத்தின் பிரிவு 42, தொழிலாளர்கள் கைகால் கழுவப் போதுமான வசதி தரவேண்டும் என்றது. அதன்கீழ் மாநிலங்கள் வகுத்த விதிகளில் அந்த வசதி என்றால் என்ன என்றும் எழுதியிருந்தது: சோப்பும் நகம் தேய்க்கும் பிரஷும் உட்பட. நகம் தேய்க்கும் பிரஷ்! எழுபது வருடத்துக்கு முன் யாரோ ஒரு அதிகாரி தொழிலாளியின் நகக்கண்ணை நினைத்து எழுதியிருக்கிறார். இந்த வரியைக் கூட்டங்களில் படித்துக் காட்டினால் தம்பிகள் சிரிக்கிறார்கள். பத்து வருடம் வேலை செய்தவர்கள்கூட அப்படி ஒன்றைக் கம்பெனியில் கண்ணால் பார்த்ததில்லை.

அந்தத் தம்பியை வேறொரு தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். முதுகில் ஒட்டுச் சோதனை செய்ய வேண்டும், அதற்கு கூலண்டில் என்னென்ன இருக்கிறது என்று தெரிந்தால் நல்லது என்றார். கூலண்ட் டிரம்மோடு ஒரு பாதுகாப்பு விவரத்தாள் வரும், எல்லாம் அதில் இருக்கும். தன் உடல்நலம் தொடர்பான தகவலைக் கேட்டுப் பெறத் தொழிலாளிக்கு அந்த 1948 சட்டத்தின் பிரிவு 111ஏ உரிமை தந்தது. அவர் எழுதிக் கேட்டார். ஏஜென்சி கம்பெனியைக் காட்டியது, கம்பெனி ஏஜென்சியைக் காட்டியது. இரண்டாவது கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். ஒப்புகை அட்டை வந்துவிட்டது, பதில் வரவில்லை. இப்போது அவர் தெரிந்தவர் ஒருவரின் பேக்கிங் யூனிட்டில் தினக்கூலிக்குப் போகிறார். கை ஆறிக்கொண்டு வருகிறது, விரல் இடுக்கில் மட்டும் இன்னும் இருக்கிறது. சம்பளம் முன்பு வாங்கியதில் பாதி.

இந்தச் சாலையில் மெஷின் ஷாப்பில் இருக்கும் தோழர்களிடம் ஒன்று கேட்கிறோம். போனை உள்ளே விடமாட்டார்கள் என்று தெரியும். டிரம்மின் மேல் ஒட்டியிருக்கும் பெயரையும் நம்பரையும் ஒரு சீட்டில் எழுதிக் கொண்டு வாருங்கள். அடுத்த ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, வழக்கமாக உட்காரும் இடத்தில் இருப்போம். கையில் அரிப்பு, வெடிப்பு உள்ளவர்கள் எத்தனை பேர் இருந்தாலும் வாருங்கள். தடவுகிற ட்யூபையும் எடுத்து வாருங்கள், பார்த்துவிடலாம்.