காலி டேங்க்

பழைய கார் வாங்குகிறவனைப் பார்த்து மூன்று பேர் சந்தோஷப்படுவார்கள். விற்றவர், டிங்கர், பழைய இரும்புக்காரர். முதல் இரண்டு பேரை நான் ஒரு வருஷம் சந்தோஷப்படுத்தினேன். மூன்றாமவர் தராசோடு வந்து நின்ற கதைதான் இது.

கார், 1966 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இன்றைய பையன்களுக்குப் பேரே தெரியாது. இங்கிலாந்து ட்ரையம்ப் ஹெரால்டுதான். ஆனால் நம்ம மெட்ராஸில் 1961-லிருந்து தயாரான கார், சார்! டிசைன் போட்டவர் மிக்கலாட்டி என்ற இத்தாலிக்காரர். 948 சி.சி. எஞ்சின். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து மூஞ்சியே முன்பக்கம் கவிழும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டு சாவகாசமாக எஞ்சின் வேலை பார்க்கலாம். எல்லாவற்றையும்விட, அது திரும்புகிற அழகு. 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும்.

இந்த 25 அடியை எனக்குச் சோற்றோடு பிசைந்து ஊட்டியவர் அப்பா. சேலத்தில் ஒரு டாக்டரிடம் டிரைவராக இருந்தவர். 1982-ல் டாக்டர் குடும்பத்தை இந்த ஹெரால்டில் கொல்லிமலைக்கு ஏற்றிப் போயிருக்கிறார். காரவள்ளி அடிவாரத்தில் ஆரம்பித்தால் மேலே போய்ச் சேர்வதற்குள் 70 கொண்டை ஊசி வளைவு. "ஒரு வளைவுலகூட ரிவர்ஸ் போடலைடா தம்பி" என்பார். தீபாவளிக்குத் தீபாவளி சொல்வார். என் மனைவிக்கு அது மனப்பாடம்.

டாக்டர் காலமாகி, கார் ஷெட்டில் முப்பது வருஷம் கோழிகளுக்கு வீடாக இருந்தது. அவர் பையன் விற்கப்போவதாகக் கேள்விப்பட்டு, பி.எஃப். லோன் போட்டு வாங்கிவிட்டேன். அப்பாவுக்கு வயது 79. ஒரே ஒரு தடவை, அந்த 70 வளைவையும் அவர் ஓட்ட, பக்கத்தில் நான் உட்கார வேண்டும். அவ்வளவுதான் ஆசை. 2021-ல் மத்திய அரசு, ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு 'வின்டேஜ்' ரிஜிஸ்ட்ரேஷன் என்று ஒன்று கொண்டுவந்தது. நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்று வரும். அதை வாங்குகிற கனவெல்லாம் கண்டாச்சு.

காரவள்ளியில் மாமாவின் தென்னந்தோப்பில் ஒரு கீற்றுக் கொட்டகை சும்மா கிடந்தது. வாடகை கிடையாது. நாமக்கல்லிலிருந்து ஒரு டிங்கர் பையன் வாரம் இரண்டு நாள் வந்து வேலை பார்த்தான். கெட்டிக்காரன். துருவைச் சுரண்ட, பட்டி பார்க்க, போல்ட்டுக்குப் போல்ட் தேட என்று வருஷம் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை டேங்க்கில் இரண்டு லிட்டர் பெட்ரோல் ஊற்றி, செல்ஃப் அடித்தோம். ஐந்தாவது தடவை எஞ்சின் இருமியது. ஆறாவது தடவை ஓடியது! அப்பாவுக்குப் போனில் அந்தச் சத்தத்தைக் கேட்க வைத்தேன். "டேப்பட் அடிக்குது, பாரு" என்றார். சந்தோஷம் என்றால் அவர் அப்படித்தான் சொல்வார்.

அடுத்த சனிக்கிழமை டிக்கியின் தளத்துக்கு வெல்டிங். ஹெரால்டில் பெட்ரோல் டேங்க் டிக்கிக்குள்ளேயே இடது பக்கம் இருக்கும். டியூப் போட்டுப் பெட்ரோலை ஒரு கேனில் இறக்கியாச்சு. டேங்க்கைக் கழற்ற வேண்டும். போல்ட் துருப்பிடித்து அசையவில்லை.

"ஏனுங்ணா, போல்ட்டுக்கு எண்ணெய் விட்டு வச்சு நாளைக்குக் கழட்டிக்கலாம். இல்லைனா டேங்க் நிறைய தண்ணியாவது ரொப்பிடலாம்" என்றான்.

"அதான் காலி டேங்க் ஆச்சே! தண்ணி ஊத்தினா உள்ளே மறுபடி துருப்பிடிக்கும். நீ அடி, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

எனக்கு அரை நாள் லீவு. திங்கட்கிழமை ஆபீசில் ஆடிட். அவசரம்.

பெட்ரோல் டேங்க்கில் ஆபத்தானது நிறைந்த டேங்க் இல்லையாம், காலி டேங்க்தானாம். பெட்ரோல் திரவமாக எரிவதில்லை, ஆவிதான் எரியும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரை முதல் ஏழு பங்கு வரை அந்த ஆவி கலந்திருந்தால் ஒரு பொறி போதும். காற்றைவிடக் கனமானது என்பதால் அது மேலே பறந்தும் போகாது, அடியிலேயே படுத்துக் கிடக்கும். இதையெல்லாம் நான் படித்தது ஞாயிற்றுக்கிழமை.

சனிக்கிழமை 'டப்' என்று ஒரு சத்தம்தான். ரப்பர் பந்து வெடித்த மாதிரி. டிங்கர் பின்னால் விழுந்தான். டிக்கியிலிருந்து கிளம்பிய நெருப்பு கீற்றைத் தொட்டது. அவனை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, நான் செய்த அடுத்த காரியம் இன்னும் பிரமாதம். வாளித் தண்ணீரை வீசினேன். மூலையில் இருந்த கேன் அதற்குள் உருகி, பெட்ரோல் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. பெட்ரோல் தண்ணீர் மேல் மிதக்கும் அல்லவா? நெருப்பு நான் ஊற்றிய தண்ணீர் மேலேயே ஏறி, காரின் முன்பக்கத்துக்கு நடந்து போனது. கொட்டகைக்கு வெளியே ஒரு வண்டி மணல் குவிந்து கிடந்தது. அதைப் பார்க்கக் கண் இல்லை. தீயணைப்பு வண்டி வந்தபோது அணைக்க அதிகம் மிச்சமில்லை.

டிங்கருக்குப் புருவமும் முன்கை முடியும் போயின, கையில் கொப்புளம். "என் தப்புதாங்ணா, நானே கேட்டிருக்கக் கூடாது" என்றான் ஆஸ்பத்திரியில். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆஸ்பத்திரிச் செலவை நான் கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருக்கிறது.

அமெரிக்க டி.வி. புகழ் ஜே லெனோ, பெரிய கார் பைத்தியம். 2022 நவம்பரில் 1907 மாடல் நீராவிக் காரின் அடியில் படுத்து அடைப்பு எடுக்கும்போது, முகத்தில் பெட்ரோல் பீய்ச்சித் தீப்பிடித்தது. பக்கத்தில் இருந்த நண்பர் இழுத்துக் காப்பாற்றினார். நூறு வண்டிக்கு மேல் வைத்திருக்கிற மனுஷனுக்கே அந்தக் கதி என்று மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். "அவர் பி.எஃப். லோனா போட்டார்?" என்றாள்.

ஓடாத வண்டி என்று இன்ஷூரன்ஸும் போடவில்லை.

அப்பாவிடம் போனில் சொன்னேன். "பையனுக்கு ஒண்ணுமில்லையே?" என்றார். அப்புறம், "டேங்க்கைக் கழட்டலையா?"

"இல்லீங்கப்பா."

வேறு எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலை பஸ் பிடித்துக் காரவள்ளிக்கே வந்துவிட்டார். கார்புரேட்டர் உருகி வழிந்திருந்தது. கண்ணாடிகள் சீட் இருந்த இடத்தில் கற்கண்டு மாதிரி கிடந்தன. மாமா ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்ததால் இரும்புக்காரர் தராசோடு நின்றார். அப்பா காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து பார்த்தார், திறந்தது. மூடினார். "எடை போட்டுக்கப்பா" என்றார்.

ரோட்டுக்கு வந்ததும் மலைக்குப் போகிற அரசு பஸ் நின்றுகொண்டிருந்தது. "ஏறுடா" என்றார். முன் சீட்டில், டிரைவரின் கை தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். வளைவுக்கு வளைவு நம்பர் போர்டு வர, அவர் வலது கை மடியிலேயே கொஞ்சம் கொஞ்சம் திரும்பிக்கொண்டிருந்தது. நாற்பது சொச்சத்தில் எதிரே ஒரு லாரி வர, டிரைவர் ரிவர்ஸ் எடுத்தார்.

அப்பா என் பக்கம் குனிந்து, "நான் எடுக்கலை" என்றார்.