சுக்கான் உதறிய கதை

கொச்சிக்கடைக்குச் செல்வோர் பெரும்பாலும் இரண்டு காரியங்களை முன்னிட்டே செல்வர். ஒன்று, அந்தோனியார் ஆலயம். மற்றது, சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லிற் புதுப்பித்த பொன்னம்பலவாணேசர் கோயில். செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாரிடம் வரும் கூட்டத்திற் சைவரும் பௌத்தரும் கலந்து நிற்பதைக் காணலாம். நான் அண்மையில் அங்கு சென்றதோ இவ்விரு சந்நிதிகளையும் நாடியன்று. என் காரின் சுக்கான் உதறியபடியாற் சென்றேன்.

கனடாவிலிருந்து வந்த மைத்துனரை அழைத்துவரக் குடும்பத்துடன் கட்டுநாயக்காவுக்குப் புறப்பட்ட நாளில் அவ்வுதறல் வெளிப்பட்டது. வெள்ளவத்தையிற் காலி வீதியில் ஓடும் காருக்கு வேகம் என்பது பெயரளவிலேதான் உண்டு. 40 கிலோமீற்றரைத் தாண்டுவதற்குள் அடுத்த சந்தியின் சிவப்பு விளக்கு எதிர்ப்பட்டுவிடும். எனவே அந்த நோய் அங்கே தலைகாட்டியதேயில்லை. பேலியகொடையில் அதிவேகப் பாதையில் ஏறினோம். 2013இல் திறக்கப்பட்ட அப்பாதை ஏறத்தாழ 26 கிலோமீற்றர் நீளமுடையது. 100 கிலோமீற்றர் வேகம்வரை செல்ல இடமுண்டு. முள் 80ஐத் தொட்டதும் சுக்கான் இலேசாக நடுங்கிற்று. 90இல் குளிர்காய்ச்சற்காரனின் கையைப் பிடித்தாற் போலிருந்தது.

“இதென்னப்பா, கார் இப்பிடி உதறுது? மெல்லப் போங்கோ!” என்றார் என் மனைவி.

நானோ மெல்லப் போகாமல் விரைந்தேன். 100இல் நடுக்கம் சற்றுத் தணிந்தது. வேகந்தான் மருந்து என எண்ணி மகிழ்ந்தேன். இதைவிட மடமை வேறில்லை என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

ஊஞ்சலைத் தள்ளிப் பார்த்த பிள்ளைகளுக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். அது வரும் தாளத்துக்கு ஒத்துத் தள்ளினால் சிறு கையும் அதனை உயர எழுப்பிவிடும். தாளம் தப்பினால் எழும்பாது. காரின் முன்புறத்துக்கும் அவ்வாறு ஓர் இயல்பான தாளம் உண்டு. 1.8 மீற்றர் சுற்றளவுள்ள சில்லு 100 கிலோமீற்றர் வேகத்திற் செக்கனுக்கு 15 தடவைக்குமேற் சுழல்கின்றது. ரிம்மின் ஓரத்தில் ஒரு புறம் 30 கிராம் மிகுந்திருந்தால், அவ்வேகத்தில் அது 5 கிலோ எடை இழுப்பதுபோல் ஒவ்வொரு சுற்றிலும் சில்லைப் பிடித்திழுக்கும். 50 கிலோமீற்றரில் அந்த இழுவை காற்பங்குதான். சில்லின் தாளமும் காரின் தாளமும் ஒன்றும் வேகத்தில் உதறல் மிகும். அதைத் தாண்டினாற் குறையும். குறைந்தது உதறல் மட்டுமே. இழுவையோ கூடிக்கொண்டே போகின்றது.

மறுநாள் அயலிலுள்ள ரயர் கடையொன்றிற் கொடுத்தேன். சில்லுகளை இயந்திரத்திற் சுழற்றி, ரிம்மின் ஓரத்தில் ஈயத்துண்டுகளைப் பதித்துத் தந்தார்கள். இரண்டு வாரம் குறையில்லை. பின்னர் நோய் திரும்பிற்று; இம்முறை 60இலேயே தொடங்கிற்று. நண்பரொருவர் கூறியதன்பேரிற்றான் ஜம்பட்டா வீதிக்கு அருகே ஓர் ஒழுங்கையிலுள்ள கராஜைத் தேடிச் சென்றேன்.

அங்கிருந்த பாஸ் வயது முதிர்ந்தவர். காரைத் தொடுவதற்கு முன் வைத்தியர்போல் வினாக்களை அடுக்கினார்.

“எந்த வேகத்துல ஐயா தொடங்குது? கையில தெரியுதா, சீட்டுல தெரியுதா? பிரேக் புடிக்கிறப்ப மட்டுமா, எப்பவுமா?”

ஒவ்வொரு வினாவுக்கும் பொருளுண்டு. கையில் உணரும் உதறல் பெரும்பாலும் முன்சில்லுகளிலிருந்து வருவது; ஆசனத்தில் உணர்வது பின்சில்லுகளிலிருந்து வருவது. பிரேக் பிடிக்கும்போது மட்டும் உதறினாற் பிரேக் தட்டு சமனாகத் தேயவில்லை என ஐயுறலாம். கைவிட்டதும் கார் ஒரு புறம் சாய்ந்தோடுவது வேறு நோய். அதற்கும் உதறலுக்கும் முடிச்சுப் போடலாகாது. சேற்று வழியிற் சென்றபின் தோன்றும் நடுக்கத்துக்கு ரிம்மின் உட்புறத்தில் ஒட்டியுலர்ந்த மண்ணே காரணமாவதுமுண்டு. அதற்கு ஒரு வாளி தண்ணீர் போதும்.

பின்பு முன்சில்லுகளை நிலத்தினின்றும் உயர்த்தினார். மேலும் கீழும் பிடித்து அசைத்தார். இடமும் வலமும் பிடித்து அசைத்தார். ஆட்டமில்லை. ஆதலாற் பெயாரிங்குகளும் மூட்டுகளும் பிழைத்தன. அடுத்து ஒரு வெண்கட்டித் துண்டை எடுத்து, ஒரு கல்லின்மேற் கையை ஊன்றி, ரயரைத் தொடாமல் மயிரிழை இடைவெளியிற் பிடித்துக்கொண்டு சில்லை மெதுவாகச் சுழற்றினார். இடப்புறச் சில்லில் ஓர் இடத்தில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளைக் கோடு விழுந்தது. அவ்விடத்தில் ரயர் மேலெழுந்திருந்தது. உள்ளேயுள்ள உருக்குக் கம்பி அடுக்கு றப்பரிலிருந்து பிரியத் தொடங்கிவிட்டது.

“எடையில உள்ள கொறைய ஈயம் தீர்க்கும் ஐயா. ரயர் வட்டமா இல்லேன்னா ஈயம் என்ன செய்யும்? இது வேகத்துல போறப்ப கிழிஞ்சிருக்கும்” என்றார்.

அன்று பின்னாசனத்திலிருந்த பிள்ளைகளை நினைத்தேன், கை சில்லிட்டது. ஈயம் வைத்தவர்களை மட்டும் குறைசொல்வது நியாயமன்று. நோய் இன்னதென்று கேளாமல், மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கியவன் நானே.

ரயரின் பள்ளங்கள் ஆழமாகத்தானே இருக்கின்றன என்று வாதாடிப் பார்த்தேன். பாஸ் அதன் பக்கவாட்டிலிருந்த நான்கு இலக்கங்களைத் தடவிக் காட்டினார்: 1816. 2016ஆம் ஆண்டின் 18ஆம் வாரத்தில் வார்க்கப்பட்டதென்பது அதன் பொருள். றப்பர் ஓடாமல் நின்றாலும் மூப்படையும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கும்வரை, இங்கே பழைய கார்களைப் பேணியே பலர் காலந்தள்ளினோம். இயந்திரத்தைப் பேணிய அளவுக்கு ரயரை எவர் பார்த்தார்? 1876இலேயே கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடையில் றப்பர் நாற்று நட்ட நாடு இது!

முன்னிரண்டு ரயர்களும் புதிதாயின. நட்டுகளை ஒன்றுக்கொன்று எதிரெதிராக முறுக்கிய பாஸ், 100 கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் கொண்டுவரும்படி கூறினார். மனைவி மக்களை வீட்டில் விட்டுத் தனியே கட்டுநாயக்கா வரை சென்று திரும்பினேன். 80, 90, 100, சுக்கான் அசையவில்லை.

நட்டுகளை முறுக்குவிக்க மறுபடி சென்றது ஒரு செவ்வாய்க்கிழமை. அதை மறந்து புறப்பட்டது என் தவறு. ஜனத்திரளிற் காரை ஒழுங்கைக்குள் திருப்ப முடியவில்லை. தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்து சென்று பாஸிடம் நிலைமையைச் சொன்னேன். அவர் நட்டுச் சாவியைத் தோளிற் போட்டுக்கொண்டு, மெழுகுவர்த்தி ஏந்தியவர்களை விலக்கியபடி என் பின்னால் நடந்து வந்தார்.