திறைசேரியும் துறைமுகமும்

கல்லெழுத்தைக் காட்டிக் கணினித் தொழிலைப் பேசப் புகுந்தால் வாசகர்கள் நகைக்கக்கூடும். ஆயினும், மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எனக்கு, எங்கள் தொழிலின் கடினமானதொரு பாடத்தை விளக்க நயினாதீவுக் கல்வெட்டைவிட நல்ல உதாரணம் இன்றுவரை அகப்படவில்லை.

பெரிய மென்பொருளைத் தனித்தனியே இயங்கும் சிறு சேவைகளாகப் பிரித்து அமைப்பது இக்கால வழக்கம். எவ்விடத்தில் பிரிப்பது என்பதிலேதான் தகராறு.

நாகபூஷணி அம்மன் கோயிலிலுள்ள அக்கல்வெட்டு, முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) தமிழில் பிறப்பித்த ஆணையாகும். வரலாற்றறிஞர் கா. இந்திரபாலா 1963இல் அதனை ஆராய்ந்து வெளியிட்டார். ஊராத்துறைக்கு, அஃதாவது நமது ஊர்காவற்றுறைக்கு, வரும் பரதேசிகளைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது ஆணை. (பரதேசி என்றால் அன்று பிறநாட்டார், இன்று அச்சொல்லுக்கு நேர்ந்த கதியை யாவரும் அறிவர்.) யானை, குதிரை கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் காற்பங்கு திறைசேரிக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வாணிபச் சரக்கேற்றிய கலம் உடைந்தால் செம்பாதி. யானையும் குதிரையும் தனக்கு விருப்பமானவை என்று காரணத்தையும் மன்னன் சொல்லிவிடுகிறான்.

கணினி பயிலும் என் மருமகனிடம் இவ்வாணையைக் கொடுத்துச் சேவைகளாகப் பிரிக்கச் சொன்னேன். யானைக் கப்பலுக்கு ஒன்று, சரக்குக் கப்பலுக்கு ஒன்று என்று உடனே இரண்டு கட்டம் வரைந்தான்.

"தம்பி, மன்னனுக்கு யானை ஆசை விட்டுப்போய், எல்லாவற்றுக்கும் செம்பாதி என்றால் எதை மாற்றுவாய்?"

"இரண்டையும்தான் பார்க்கவேண்டும், மாமா."

"துறைமுகத்துக் காவலனுக்கு அதனால் ஏதும் மாற்றமுண்டோ?"

"அவனுக்கு என்ன? பரதேசிகளைக் காப்பது அவன் வேலை."

எல்லை அங்கேதான் இருக்கிறது. பங்கு விதி இரண்டானாலும் அவற்றை மாற்றும் அதிகாரம் ஒன்று. ஆகவே அவை திறைசேரி என்னும் ஒரே சேவைக்குள் அடங்கும். காவல் வேறொரு சேவை. காவலனுக்குக் கப்பல் என்பது காக்கவேண்டிய மனிதர். திறைசேரிக்கோ பங்கிடவேண்டிய பெறுமதி. இன்ன கலம் உடைந்தது, அதில் இன்னது இருந்தது என்னும் செய்தியொன்று மட்டும் இங்கிருந்து அங்கே சென்றாற் போதும்.

2003இல் எரிக் எவான்ஸ் என்பவர் 'டொமெயின் ட்றிவன் டிசைன்' என்ற நூலில் இம்முறையை விரித்துரைத்தார். தொழிலறிந்தவர்கள் பேசும் மொழியிலேயே மென்பொருளை அமைக்கவேண்டும். ஒரு சொல் எதுவரை ஒரே பொருளில் வழங்குகிறதோ அதுவரையே ஓர் எல்லை என்பது அவர் கருத்து.

இன்று குறிகட்டுவான் இறங்குதுறைக்கு மென்பொருள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுகள் அங்கிருந்தே புறப்படுகின்றன. நயினாதீவு வேலணைப் பிரதேச செயலகத்தைச் சேர்ந்தது. நெடுந்தீவுக்குத் தனிச் செயலகம் உண்டு. அந்தப் படத்தைப் பார்த்து மென்பொருளையும் தீவுக்கொன்றாக வெட்டினால், ஒரே வேலையை இரண்டு முறை எழுதுவோமேயன்றி வேறு பயனில்லை. 'பயணி' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். கட்டணம் வாங்குபவருக்குப் பயணி ஒரு பயணச்சீட்டு. படகோட்டிக்கோ ஓர் உயிர், ஓர் உயிர்காப்பு அங்கி. தாயின் மடியிலிருக்கும் கைக்குழந்தைக்குச் சீட்டு இல்லையென்று கொள்வோம். சீட்டுக் கணக்கையே ஆட்கணக்காகக் கொண்ட மென்பொருளில், நடுக்கடலில் அக்குழந்தை இல்லாத பிள்ளை. சீட்டு இயந்திரம் பழுதுபட்ட இரவில் நெடுந்தீவிலிருந்து ஒரு நோயாளியை ஏற்றிவர நேர்ந்தாலும், ஆட்கணக்கு தன்பாட்டில் நடக்கவேண்டும்.

இதைக் கேட்டதும் மருமகன் உற்சாகத்தோடு பத்துக் கட்டம் வரையத் தொடங்கினான். அதுவும் ஆகாது. சேவைகள் பெருகினால் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புவதிலேயே பொழுது போய்விடும்; ஒன்று படுத்தால் எது படுத்ததென்று தேடுவதற்கே ஆள் வேண்டும். படகுத்துறைக்கு இப்போதைக்குக் கட்டணம், ஆட்கணக்கு என்ற இரண்டு கட்டங்களே போதுமென்று மற்றவற்றை அழிக்கச் சொன்னேன்.