வண்டும் ராட்டினமும்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் ஒரு வண்டு குடியிருந்தது. கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டால் மட்டும் 'ஙொய்' என்று ரீங்காரம் செய்யும். மூன்று வருஷமாக நான் அதைப் பொருட்படுத்தவில்லை. கதை எழுதுகிறவனுக்குக் காதில் என்ன வேலை? போன மாசி மாதம் அப்பாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு காசெட் அகப்பட்ட பிறகுதான் அந்த வண்டு எனக்கு விரோதியாயிற்று.

1986-ல் அப்பா மஸ்கட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். டெலிபோனில் பேசுவதென்றால் காசைக் கொட்டி அழ வேண்டும். கடிதம் எழுதவோ அம்மாவுக்குக் கை ஓடாது. அந்த நாளில் வளைகுடா நாடுகளுக்குப் போனவர்களின் வீடுகளில் பலர் செய்ததையே அம்மாவும் செய்தாள். டூ-இன்-ஒன்னுக்கு எதிரே உட்கார்ந்து, மனத்தில் இருப்பதையெல்லாம் பேசிப் பதிவு செய்து, யாராவது மஸ்கட்டுக்குத் திரும்பும்போது அவர் கையில் காசெட்டைக் கொடுத்தனுப்புவாள். அப்படிப் போனவற்றில் இந்த ஒன்றுதான் மிச்சம். அம்மா காலமாகி ஒன்றரை வருஷம் ஆகிறது.

ஒரு கடையில் கொடுத்து, காசெட்டைக் கம்ப்யூட்டரில் கேட்கும்படி மாற்றி வாங்கி வந்தேன். அப்பாவின் காதில் ஹெட்போனை மாட்டினேன். அவருக்கு வயது எழுபத்தெட்டு. வயதானால் காது முதலில் கைவிடுவது உச்ச ஸ்தாயி ஒலிகளைத்தான். பேச்சிலுள்ள சன்னமான மெய்யெழுத்துக்கள் அதோடு போய்விடும். மிச்சத்தை வைத்துக்கொண்டு ஊகிக்க வேண்டியதுதான். அந்த ஊகத்துக்கும் குறுக்கே வண்டு பாடினால் என்ன செய்வது? ஒரு நிமிஷத்தில் அவர் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டார்.

"என்னமோ இரையறதுடா. அவ பேசறது புரியல்லை" என்றார்.

என் அக்காள் பிள்ளையைக் கூப்பிட்டனுப்பினேன். என்ஜினீயரிங் படிக்கிறவன். அவன் விசாரணையை ஒழுங்காகவே நடத்தினான். ஹெட்போனைத் தன் செல்போனில் செருகிப் பார்த்தான்; சத்தமே இல்லை. ஹெட்போன் நிரபராதி. அம்மாவின் பதிவை நிறுத்தினான். அப்போதும் வண்டு பாடிற்று. ஆகவே காசெட்டும் நிரபராதி. பிறகு மௌஸை நகர்த்தினான். என்ன ஆச்சரியம்! மௌஸ் நகர நகர, வண்டு ஸ்வரம் மாற்றிற்று.

"பெட்டிக்குள்ளேதான் மாமா இருக்கு" என்றான்.

கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ஒரு விநாடிக்குக் கோடிக்கணக்கான தடவை மின்சாரம் மாறி மாறித் துள்ளுகிறதாம். காதுக்கு வரும் மின்சாரமோ மிகச் சன்னமானது. பெட்டியின் முன்பக்கத்துத் துளைக்கு அது உள்ளே ஒரு நீளக் கம்பி வழியாக வருகிறது. சந்தைக் கும்பலைக் கடந்து போய் ரகசியம் சொல்கிற மாதிரி. வழியில் கேட்ட கூச்சலெல்லாம் அதோடு ஒட்டிக்கொள்கிறது. ஹெட்போனைப் பின்பக்கத்துத் துளைக்கு மாற்றியதும் பாதி அடங்கிற்று. யாரும் பேசாத மைக் ஒன்று முழு வேகத்தில் திறந்து கிடந்தது. அதை மூடியதும் இன்னொரு பங்கு போயிற்று. அடித்தொண்டையில் ஓர் உறுமல் மட்டும் பாக்கி. எலெக்ட்ரீஷியன் வந்து டெஸ்டரைப் பெட்டியின் திருகாணியில் வைத்தார், விளக்கு எரிந்தது. சுவர்ப் பிளக்கில் மூன்று துளை இருந்தும், எர்த் கம்பியை யாரோ இணைக்கவேயில்லை! நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று, அதுதான் உறுமியிருக்கிறது. எர்த் கொடுத்ததும் அதுவும் தணிந்தது. கடைசியாக, பெட்டிக்கு வெளியே வைத்து ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் கட்டைவிரல் அளவுக் கருவி ஒன்றை யு.எஸ்.பி. துளையில் செருகினான். வண்டு ஒழிந்தது.

"இனிமேல் பூரண நிசப்தம்தானே?" என்றேன்.

"அது முடியாது மாமா" என்றான். சும்மா கிடக்கிற கம்பித் துண்டிலும் உஷ்ணத்தினால் எலெக்ட்ரான்கள் அலைந்துகொண்டே இருக்குமாம். அந்த அலைச்சலே ஒரு மெல்லிய இரைச்சல். அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த ஜான்சனும் நைக்விஸ்டும் 1928-லேயே இதை எழுதி வைத்துவிட்டார்கள்.

இப்போது அம்மாவின் குரலுக்குப் பின்னால் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் மட்டும் இருந்தது. அது காசெட்டின் சொந்தச் சத்தம். நாலு மில்லிமீட்டர் அகலம்கூட இல்லாத நாடா, விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வீதம் ஊர்ந்து போகிறது. அதில் பூசிய காந்தத் துகள்களின் முணுமுணுப்பு அது. "இதையும் எடுத்துடலாம்" என்றான் பையன். பேச்சு இல்லாத ஓர் இடத்தைக் காட்டினால், 'இதுதான் இரைச்சல்' என்று கம்ப்யூட்டர் தெரிந்துகொண்டு, பதிவு முழுவதிலும் அதைக் கழித்துவிடுமாம். அம்மா பேச்சை நிறுத்திய இடம் ஒன்றைக் காட்டினான். கழித்துவிட்டது.

அப்பா கேட்டார். அம்மாவின் ஒவ்வொரு வார்த்தையும் அவருக்குப் புரிந்தது. ஆனால் முகம் மலரவில்லை.

"நன்னா கேக்கறது. ஆனா இவ எங்கே உக்காந்துண்டு பேசறா?" என்றார்.

எனக்கு அர்த்தமாகவில்லை. கழிக்காத பதிவைப் போடச் சொன்னேன். அப்பா கண்களை மூடிக்கொண்டார். அம்மா பேச்சை நிறுத்திய அந்த இடம் வந்ததும் சட்டென்று கையைத் தூக்கினார்.

"அதோ, ராட்டினம்! கொல்லையிலே உங்க பாட்டி தண்ணி எறைக்கறா."

ஹெட்போனை வாங்கி நானும் கேட்டேன். 'கிறீச்... கிறீச்...' இத்தனை நாளும் அந்தச் சத்தத்தையும் நான் வண்டின் கணக்கிலேயே எழுதியிருந்தேன். பையன் இரைச்சலுக்கு மாதிரியாகக் காட்டியது பாட்டி தண்ணீர் இறைத்த நேரத்தை. கம்ப்யூட்டர் சொன்னபடி செய்தது. காசெட்டிலிருந்து பாட்டியைக் கழித்துவிட்டது. 1987-ல் பாட்டி கண்ணை மூடியபோது அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அந்தக் கதையை அவர் எங்களிடம் பேசியதே கிடையாது.

எது வண்டு, எது ராட்டினம் என்பதைக் கம்ப்யூட்டரைக் கேட்டு என்ன பயன்? அதற்கு இரண்டும் இரைச்சல்தான். அந்த வீட்டில் குடியிருந்தவரைக் கேட்க வேண்டும்.

கழித்த பதிவை அழித்துவிடச் சொன்னேன். அப்பா அன்று சாயங்காலம் மறுபடியும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ராட்டினம் வந்த இடத்தில் அவர் தலை லேசாக ஆடிற்று.

"எண்ணெய் போடச் சொல்லி மஸ்கட்லேருந்து எழுதினேன்" என்றார், என்னைப் பாராமலே. "போட்டாளோ, இல்லையோ."