ஃபேன் சுவிட்ச்

தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற பட்டறை வைத்திருக்கிறேன். கரண்டை வீணாக்காதவன் என்று ஊரில் எனக்குப் பேர். அந்தப் பேரை நான் சம்பாதித்த விதம் அசிங்கமானது.

பட்டறை ஃபேன் சுவிட்சுகளை என் மேஜைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். சித்திரை மாதத்திலும், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, மதியம் வரை ஒரு வரிசைக்கு ஒரு ஃபேன்தான். கேட்டால் சிக்கனம் பற்றிப் பேசுவேன். ஓவர்லாக் போடுகிற அக்கா ஒருத்தர் ஒருநாள், "அண்ணாச்சி, வேர்வை சொட்டிக் கறை விழுந்தா பீஸைக் கழிக்கப் போறது நீங்கதான்" என்றார். கழித்தும் இருக்கிறேன்.

தைக்கிறவர்கள் காலுக்குக் கீழே ஓடியதெல்லாம் கிளட்ச் மோட்டார், ஒவ்வொன்றும் அரைக் குதிரைத்திறன். மிதியிலிருந்து காலை எடுத்தால் ஊசிதான் நிற்கும், மோட்டார் நிற்காது. தையல் வேலையில் ஊசி ஓடுகிற நேரம் கொஞ்சம். துணியை எடுத்து, மடித்து, ஓரம் சேர்த்து வைக்கிற நேரம்தான் அதிகம். அவ்வளவு நேரமும் ஒவ்வொரு மோட்டாரும் ஒரு ஃபேனுக்குக் குறையாமல் சும்மாவே கரண்டைத் தின்னும். செர்வோ மோட்டார் அப்படியில்லை, மிதித்தால்தான் ஓடும். விலை சில ஆயிரம் கூட. மெஷின் வாங்கிய அன்றே கடைக்காரர் இதை விளக்கினார். மலிவானதைக் கட்டச் சொன்னேன்.

தெரியாமல் செய்தேன் என்று தப்பிக்க முடியாது. 2012இல் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போனதே, அப்போது ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிக்கொண்டே அரசாங்கத்தைத் திட்டினேன். அந்த டீசலில் ஒரு பங்கு தைக்காத மோட்டாரைச் சுற்றவிடத்தான் போனது. 2022 செப்டம்பரில் கட்டணம் ஏறியதும், வீட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்றால் 1,725 ரூபாய், அதற்கு மேல் ஒரே ஒரு யூனிட் கூடினாலும் 1,958 என்று டீக்கடையில் எல்லோருக்கும் கணக்குப் போட்டுக் காட்டியவன் நான். பட்டறைக்கு மட்டும் அந்தக் கணக்கைப் போடவில்லை. போட்டால் செலவு என் தலையில் விழும். ஃபேனை நிறுத்தினால் புழுக்கம் அவர்களுக்கு, மிச்சம் எனக்கு. இதைத்தான் சிக்கனம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். (அந்த மிச்சத்தில் என் இருக்கைக்கு மேலே இருந்த ஃபேன் சேராது. அது நின்றதேயில்லை.)

இப்போது ஃபேன்கள் எல்லாம் ஓடுகின்றன. பக்கத்துப் பட்டறைக்கு ஆள் போக ஆரம்பித்த பிறகு வந்த ஞானம் அது. மோட்டார் பாதி மெஷினுக்கு மாற்றியாயிற்று. மீதி? தீபாவளிச் சரக்கு போகட்டும், பிறகு பார்க்கலாம் என்று போன வாரமும் எலக்ட்ரீஷியனைத் திருப்பி அனுப்பினேன்.