பத்து ரூபாய் காத்தாடி!

இன்டர்ன்ஷிப்ல வந்த முதல் ஸ்டைபெண்ட்ல நான் வாங்கினது... காத்தாடிங்க! விலை 800 ரூபாய். ரிப்ஸ்டாப் நைலான், ஃபைபர் கிளாஸ் குச்சி. கடலூர் சில்வர் பீச்ல கையை விட்டதுமே ஜிவ்வுனு ஏறிடுச்சு. தங்கச்சியோட பத்து ரூபாய் காத்தாடியோ குட்டிக்கரணம்! 'காசுக்கேத்த தோசை'னு கமென்ட் அடிச்சேன். அவ முகம் சுருங்கிடுச்சு.

அப்பா அதை வாங்கி, விரல் நுனியில நிறுத்திப் பார்த்தார். மூங்கில் குச்சி ஒரு பக்கம் கனம். பிளேடால சீவினார். நூலைக் கட்டுற சூத்திரத்தை அவிழ்த்து, முடிச்சைக் கொஞ்சம் மேலே ஏத்தினார். என் கர்ச்சீப்பைக் கிழிச்சு வால் வெச்சார். ஏறிடுச்சு!

கணக்குச் சூத்திரங்களை மனப்பாடம் பண்ணியே அரியர் க்ளியர் பண்ணினவன் நான். காத்தாடிச் சூத்திரம் அன்னிக்குத்தான் புரிஞ்சுது. 800 ரூபாய் நைலானுக்கு மட்டும் இல்லை. ரெண்டு பக்கமும் சமமா வரணும், காத்தை எந்தக் கோணத்துல வாங்கணும்னு யாரோ முன்னாடியே மெனக்கெட்டதுக்கு. பத்து ரூபாய் காத்தாடிக்கு அந்த மெனக்கெடலை நாமதான் போடணும்.

தங்கச்சிகிட்ட ஸாரி சொல்லிட்டேன். கர்ச்சீப்தான் போச்சு!